தோல் இறுக்க நோயில் விரல் புண்ணை முன்கூட்டியே கணித்தல்

ஸ்கிளீரோடெர்மா எனப்படும் உடலளாவிய தோல் இறுக்க நோயில், பெரும்பாலும் விரல்களுக்கு இரத்தம் போதாமல் உண்டாகி, ஆற நெடுநாள் எடுக்கும் புண்கள் விரல் புண்கள் எனப்படும். இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இவை வருகின்றன. யாருக்கு வரக்கூடும் என்பதை நோய் வரலாறு, இரத்தப் பரிசோதனை, நகக்கண் ஆய்வு ஆகியவற்றைக் கொண்டு பெருமளவு முன்னறியலாம்.

உருவாகும் விதம்

நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குவதால் சிறு இரத்தக்குழாய்களின் உட்சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. குளிர் பட்டதும் விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து, பின் சிவக்கும் ரேனோ நிலை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோ 1862இல் இந்நிலையை விவரித்தார். விரல் நுனிப் புண்கள் இரத்தக் குறைவாலும், முட்டிப் புண்கள் இழுபட்ட தோலில் அடிபடுவதாலும் வருகின்றன. தோலடியில் படியும் சுண்ணாம்பு வெளிப்பட்டும் புண் ஆகலாம். தொழுநோயில் உணர்ச்சி மரத்துவிடுவதால் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆனால் தோல் இறுக்க நோயில் சோறு பிசையவே முடியாதபடி வலிக்கும். கவனிக்காவிட்டால் சீழ் பிடித்து எலும்பு வரை பரவும். விரல் அழுகி, அதை எடுக்க வேண்டிய நிலையும் வரும்.

முன்னறிவிக்கும் அடையாளங்கள்

புண் வருவதை முன்னறிவிக்கும் அடையாளங்களுள் முதன்மையானது, முன்பே விரல் புண் வந்திருப்பது. உடலெங்கும் தோல் தடிக்கும் வகை, இளவயதில் நோய் தொடங்கியது, இரத்தத்தில் எஸ்சிஎல்-70 என்ற எதிர்ப்பொருள், நுரையீரல் பாதிப்பு, புகைப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. விரல் நுனியில் குழிவிழுந்த தழும்பு பழைய இரத்தக் குறைவின் சான்று. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இத்தழும்புக்கு 3 புள்ளிகளும், நுனிப் புண்ணுக்கு 2 புள்ளிகளும் தரப்படுகின்றன. மொத்தம் 9 புள்ளிகள் சேர்ந்தால் அது இந்நோய் எனக் கொள்ளப்படும்.

நகக்கண் ஆய்வு

நகத்தின் அடிப்பகுதியிலுள்ள தோல்மடிப்பில் தந்துகிகள் எனும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் படுக்கைவாட்டில் அமைந்திருப்பதால் அவற்றை உருப்பெருக்கியில் காணலாம். நலமான விரலில் ஒரு மில்லிமீட்டருக்கு 7 அல்லது அதற்கு மேற்பட்ட தந்துகிகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். நோயில் சில 50 மைக்ரானுக்கு மேல் பெருத்து, சில கசிந்து, பல மறைந்துபோகும். இத்தாலிய மருத்துவர் மவுரிட்சியோ குட்டோலோவும் சக ஆய்வாளர்களும் 2000இல் இம்மாற்றங்களைத் தொடக்க, முனைப்பு, பிந்தைய நிலைகள் என மூன்றாக வகுத்தனர். தந்துகிகள் பெரும்பாலும் அழிந்த பிந்தைய நிலையில் புண் ஆபத்து அதிகம்.

2009இல் ஆய்வாளர் மார்க்கோ செபாஸ்தியானி குழுவினர் புண் ஆபத்தைக் கணிக்க ஒரு குறியீட்டை முன்வைத்தனர். பெருத்த தந்துகிகளின் எண்ணிக்கையை அவற்றுள் மிகப் பெரியதன் விட்டத்தால் பெருக்கி, மொத்தத் தந்துகி எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை 2.94ஐத் தாண்டினால் அடுத்த மூன்று மாதங்களில் புண் வரும் வாய்ப்பு மிகுதி. பெருத்த தந்துகி இல்லாதவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. 14 நாடுகளில் 600க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு, புண் வரலாறு உள்ளவர்களிடம் மூன்று அடையாளங்களை உறுதி செய்தது: அதிகம் பயன்படுத்தும் கையின் நடுவிரலில் தந்துகி குறைவது, ஏற்கெனவே உள்ள புண்களின் எண்ணிக்கை, இரத்தம் தடைபட்டு விரல் கருகும் நிலை.

திண்டுக்கல் சமவெளியில்

திண்டுக்கல் வெயில் மிகுந்த ஊர் என்பதால் இங்கே குளிரால் வரும் தொல்லைக்கு இடமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மார்கழி விடியல், குளிரூட்டிய அறை, ஐஸ் தண்ணீர், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடைக்கானலுக்கு ஒரு பயணம் ஆகிய எதுவும் ரேனோ நிலையைத் தூண்டப் போதும். பூட்டுப் பட்டறை, சின்னாளபட்டிச் சுங்குடி முடிச்சு, தோல் பதனிடுதல் என விரலை நம்பிய தொழில்கள் இங்கே பல. இந்நோயாளிகளுக்குச் சிறு காயமும் புண்ணாகிவிடும். கல் உடைக்கும் இடங்களில் சுவாசிக்கப்படும் சிலிக்காத் தூசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் மருத்துவர் எராஸ்மஸ் 1957இல் விவரித்தார். வேடசந்தூர் வட்டாரம் புகையிலைக்குப் பெயர் பெற்றது. இந்நோயாளிகள் புகையிலையை அடியோடு விட வேண்டும்.

நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண் மருத்துவர் பயன்படுத்தும் ஆப்தல்மாஸ்கோப்பாலோ தோல் மருத்துவரின் டெர்மாஸ்கோப்பாலோ பார்த்தாலே பெரிய மாற்றங்கள் தெரிந்துவிடும். விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம்.

தடுப்பு

கையையும் உடலையும் வெதுவெதுப்பாக வைத்திருப்பது, காயம் படாமல் காப்பது, நிஃபெடிபின் போன்ற இரத்தக்குழாய் விரிப்பான்கள் ஆகியவை முதற்படி. சில்டெனாஃபில், ஊசிவழி இலோபிராஸ்ட் ஆகியவை அடுத்த நிலை மருந்துகள். 2011இல் வெளியான ஆய்வில் போசென்டான் என்ற மருந்து புதிய புண்களைக் குறைத்தது. இருந்த புண்ணை விரைவாக ஆற்றவில்லை. கருவைப் பாதிக்கும் மருந்து ஆதலால் கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. ஈரல் பரிசோதனையும் தொடர வேண்டும்.

வந்த புண்ணை ஆற்றுவதைவிட வராமல் தடுப்பதே எளிது. ஆகவே விரல் நுனியில் ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள், அடுத்தது வரும்வரை காத்திராமல் வாதநோய் மருத்துவரிடம் நகக்கண்ணைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.