சங்கப் பெண்பாற் புலவரும் அவையஞ்சாமையும்

ஏடு தொடக்கி அரிவரி வகுப்பில் அமர்ந்த நாள் முதல் எமக்கு அறிமுகமானவர் ஔவையார். ஆத்திசூடியை வரிசையில் நின்று ஒப்புவித்தோம். வாணி விழா மேடையில் தலைக்கு வெள்ளை பூசி, கையிற் கோல் கொடுத்து, எங்களுள் ஒருத்தியை ஔவைப் பாட்டியாக்கி மகிழ்ந்தோம். பிள்ளைகளுக்கு அடக்கமும் அறமும் புகட்டும் பாட்டி அவர். ஆனால், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அதே பெயருடன் இன்னொருவர் வாழ்ந்தார் என்பதை மேல் வகுப்புக்கு வந்த பின்னரே எம்மிற் பலர் அறிந்தோம். நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் மலரிலே, பழைய சங்கத்துப் பெண்கள் சிலரை நினைவுகூர விரும்புகின்றோம்.

சங்க நூல்களில் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் இடம்பெற்றவை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களப் புலவர் அவர்; அம்மன்னனின் தூதுவருங்கூட. தொண்டைமானிடம் தூது சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டி, காவலில் வைக்கப்பட்ட புத்தம்புதிய வேல்கள் அங்கிருந்தன. அவற்றைப் புகழ்வதுபோற் பேசிய ஔவையார், அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார். போரையே காணாத படை உன்னுடையது என்பதை ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல் உணர்த்திவிட்டார்.

அந்த அதியமானே ஒருமுறை பரிசில் தரக் காலந்தாழ்த்தினான். ஔவையார் காத்துக் கிடக்கவில்லை. வாயிற்காவலனை அழைத்து, உன் அரசன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ என்று கேட்டு, தம் யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானார். கற்ற தொழில் கையில் இருப்பவருக்கு எந்தத் திசையிலும் வாழ்வுண்டு என்பதே அவர் துணிவு. அதே அதியமான் இறந்தபோது, அவனோடு கூடி உண்டும் பாடியும் கழித்த நாள்களை எண்ணி அவர் பாடிய இரங்கற்பா இன்றும் நெஞ்சை உருக்குவது. அவர் கண்டித்ததும் கலங்கியதும் அந்த நட்பின் உரிமையாலேயே.

வெண்ணிக் குயத்தியாரின் துணிவு இதனினும் பெரிது. வெண்ணிப் போரில் வெற்றி பெற்ற கரிகாற் சோழனின் வீரத்தைப் பாடிய அவர், அத்தோடு நிறுத்தவில்லை. முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்று அவனிடமே கேட்டார். வென்றவன் முன்னிலையில் தோற்றவனை உயர்த்திப் பேச எத்தனை பேருக்கு நாவெழும்?

குயத்தி என்னும் பெயர் அவர் குயவர் குலத்தவர் என்பதைக் காட்டுகின்றது. குறமகள் இளவெயினியார் மலைநிலக் குறவர் குலத்தவர். பெருங்கோப்பெண்டு பாண்டிமாதேவி. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றார். அரண்மனை முதல் குயவர் சூளை வரை பெண்கள் கவிபாடும் கல்வி பெற்றிருந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

எனினும், பொற்காலம் என்று சொல்லி மற்றப் பக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. கணவன் பூதபாண்டியன் இறந்தபின் தீப்புகத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோரைச் சினந்து பாடுகின்றார். கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட நெய்யற்ற சோற்றையும் பரற்கற் படுக்கையையும் அவர் எடுத்துச் சொல்லும்போது, அக்காலத்துப் பெண்ணின் துயரம் எமக்குப் புலனாகின்றது. அவர் முடிவை நாம் போற்றுவதற்கில்லை. அந்நிலையிலும் தன் காரணத்தைத் தானே அவைமுன் எடுத்துரைத்த குரலையே மதிக்கின்றோம்.

இக்குரல்கள் நெடுங்காலம் ஓலைச்சுவடிகளில் உறங்கின. எம் நாட்டுச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தனர். எமது சங்கத்தை நிறுவிய மூத்த சகோதரிகளின் காலத்தில், புறநானூறு அச்சேறி அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட அக்காலத்தில், ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே அதற்கு விடை எழுதப்பட்டிருந்தது.

இன்று கல்லூரியிற் பயிலும் எம் தங்கையர் ஆத்திசூடியை மறவாது கற்கட்டும். அடுத்த வாணி விழாவில் கோலூன்றிய பாட்டியின் அருகே, தொண்டைமான் அவையில் நிமிர்ந்து நின்ற தூதுவரும் மேடையேறட்டும். அடக்கத்தைக் கற்ற அதே பள்ளியில் அவையஞ்சாமையையும் கற்றோம் என்று, அடுத்த நூற்றாண்டின் மலரில் அவர்கள் எழுதுவார்களாக.