இடுப்பில் மறைத்த துப்பாக்கி... குற்றம் குறையுமா, கூடுமா? அமெரிக்காவில் ஓயாத சண்டை

அமெரிக்காவில் 29 மாநிலங்களில், ஒருவர் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைக்கோ சினிமாவுக்கோ போகலாம். பெர்மிட் எதுவும் தேவையில்லை. டெக்சாஸ் 2021-லும், ஃப்ளோரிடா 2023-லும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. மற்ற மாநிலங்களில் பெர்மிட் வேணும். ஆனா தகுதி இருந்தா அரசு கொடுத்தே ஆகணும்.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. யார் இடுப்பில் துப்பாக்கி இருக்குனு திருடனுக்குத் தெரியாது, அதனால யார் மேலயும் கை வைக்க யோசிப்பான் என்கிறார்கள். கேட்க நியாயமாத்தான் இருக்கு. நிஜத்தில் அப்படி நடந்ததா?

எல்லாம் தொடங்கியது 1997-ல்

பொருளாதார ஆய்வாளர்கள் ஜான் லாட், டேவிட் மஸ்டார்ட் இருவரும் 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1977 முதல் 1992 வரை, அமெரிக்கா முழுக்க கவுண்டி வாரியாக (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குற்றக் கணக்கை எடுத்தார்கள். பெர்மிட்டைத் தாராளமாக்கிய இடங்களில் கொலை கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைந்தது என்றார்கள். எல்லா மாநிலங்களும் இதைச் செய்திருந்தால் ஆண்டுக்கு சுமார் 1,570 கொலைகள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்றும் கணக்குப் போட்டார்கள்.

அரசியல்வாதிகளுக்கு இதைவிட வேறென்ன வேணும்? சட்டசபை விவாதங்களில் இந்த ஆய்வு திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது.

ஆனா ஒரு சிக்கல். 1980-களின் கடைசியில் அமெரிக்க நகரங்களை 'கிராக்' என்ற போதைப்பொருள் ஆட்டிப்படைத்தது. அதில் கடுமையாக அடிபட்டவை நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகரங்கள். இவை இருந்த மாநிலங்களோ துப்பாக்கி பெர்மிட்டை இறுக்கிப் பிடித்தவை. அங்கே கொலைகள் எகிறியதால், பெர்மிட்டைத் தளர்த்திய மாநிலங்கள் ஒப்பீட்டில் நல்ல பிள்ளைகளாகத் தெரிந்தன. 1990-களில் கிராக் அலை அடங்கியதும் அதே நியூயார்க்கில் குற்றம் மளமளவென சரிந்தது. அந்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்து 2003-ல் இயன் ஏர்ஸ், ஜான் டோனஹூ இருவரும் ஆராய்ந்தபோது, லாட் சொன்ன பலன் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டே அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுவும் இதே விஷயத்தை அலசியது. குற்றம் கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று கையை விரித்தது. கொலை விஷயத்தில் மட்டும் லாட் சொன்னதில் உண்மை இருக்கு என்று குழுவில் ஒரே ஒருவர், ஜேம்ஸ் வில்சன், மறுப்பு எழுதினார்.

'போலி டெக்சாஸ்'

சட்டம் வந்த மாநிலத்தை, சட்டம் வராத இன்னொரு மாநிலத்தோடு நேராக ஒப்பிட முடியாது. இரண்டும் ஒரே மாதிரி இருக்காது இல்லையா? இதற்கு டோனஹூ குழு 2019-ல் ஒரு வழியைக் கையாண்டது. கலிபோர்னியா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா ஆகியவற்றின் புள்ளிவிவரங்களை ஒரு விகிதத்தில் கலந்து, சட்டம் வருவதற்கு முந்தைய டெக்சாஸைப் போலவே இருக்கும் ஒரு 'போலி டெக்சாஸை' காகிதத்தில் உருவாக்கினார்கள். மற்ற மாநிலங்களுக்கும் இப்படியே.

முடிவு: சட்டம் வந்து பத்து ஆண்டு கழித்து, வன்முறைக் குற்றங்கள் இருந்திருக்க வேண்டிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம். இதைக் கவனமாகப் படிக்கணும். குற்றம் அந்த அளவு ஏறியது என்று அர்த்தமில்லை. டெக்சாஸில் அந்தக் காலத்தில் குற்றம் குறையத்தான் செய்தது. போலி டெக்சாஸில் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

பெர்மிட் வாங்கியவர்களா சுடுகிறார்கள்?

பெரும்பாலும் இல்லை. இந்த இடத்தில் ஆதரவாளர்கள் சொல்வது சரிதான். பெர்மிட் வைத்திருப்பவர்கள் குற்றத்தில் தண்டிக்கப்படுவது குறைவு. அப்போ வன்முறை எங்கிருந்து வருது?

47 பெருநகரங்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வு இதற்குத்தான் பதில் தேடியது. இந்தச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கித் திருட்டு சுமார் 35 சதவீதம் அதிகம். துப்பாக்கியோடு வெளியே போறவர், பள்ளி, கோர்ட் மாதிரி அனுமதி இல்லாத இடம் வந்தால் அதைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறார். கார் கண்ணாடியை உடைப்பவனுக்கு அது அல்வா. சட்டப்படி வாங்கிய துப்பாக்கி அடுத்த நாளே குற்றவாளி கையில். இன்னொரு பக்கம், வன்முறை வழக்குகளில் போலீஸ் குற்றவாளியைப் பிடிக்கும் விகிதம் 13 சதவீதம் சரிந்தது. துப்பாக்கியால் நடக்கும் வன்முறைக் குற்றமோ 29 சதவீதம் கூடியது.

லாட் தரப்பு இந்தக் கணக்கு முறைகளை இன்றும் ஏற்கவில்லை. ஆனா புதிய ஆய்வுகளின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெளிவு.

கோர்ட் என்ன சொன்னது?

கோர்ட்டில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. பெர்மிட் கேட்பவர் தனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருப்பதைக் காட்டணும் என்பது நியூயார்க்கின் நூறாண்டு பழைய விதி. 2022 ஜூன் 23-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். துப்பாக்கிச் சட்டம் அமெரிக்க வரலாற்று மரபோடு பொருந்துதா என்றுதான் பார்க்கணும், நன்மை தீமையை எடைபோடக் கூடாது என்றார். 2020-ல் மட்டும் 45,222 பேர் துப்பாக்கிக்கு பலி என்று மறுப்புத் தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி பிரேயர். இந்த வழக்குக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டார் நீதிபதி அலிட்டோ.

அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு தகவல். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் கடை வாசலில் '30.06' என்ற போர்டைப் பார்த்தால் அது விலையோ நேரமோ இல்லை. பெர்மிட் இருந்தாலும் மறைத்த துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று சொல்லும் சட்டப்பிரிவு எண் அது.