விலை கொடுப்பவன் சொல்வதை யார் கேட்டது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வென்றவர்களைப் பற்றி எல்லா மேடைகளிலும் பேசிவிட்டார்கள். எப்படி உழைத்தார்கள், எப்படி உயர்ந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு நமக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று தோற்றவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தலைவனாக இருக்க விரும்புகிறவன் படிக்க வேண்டிய பாடம் அங்கேதான் அதிகம் இருக்கிறது.

தோல்வி என்றதும் சிலர் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்புக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்த லுக்குட் போதும்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் லுக்குட்டைக் கடந்துதான் போவீர்கள். பெரும்பாலோர் வண்டியை நிறுத்துவதில்லை. அங்கே புக்கிட் காஜா மாத்தி என்று ஒரு குன்று இருக்கிறது. யானை செத்த குன்று என்று பொருள். அதன் மேல் ஒரு பழைய கோட்டையின் எச்சம் கிடக்கிறது. என் அப்பா பால்மரம் வெட்டியவர். சின்ன வயதில் நாங்கள் அந்தக் குன்றில் ஏறி விளையாடியிருக்கிறோம். அது என்ன இடம் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிலாங்கூரின் செல்வம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. ஆம், அன்று லுக்குட் சிலாங்கூரைச் சேர்ந்தது.

பத்தில் ஒரு பங்கு

ரப்பர் வருவதற்கு வெகு காலம் முன்பு லுக்குட்டில் ஈயம் தோண்டினார்கள். சீனத் தொழிலாளர்கள் மண்ணைத் தோண்டி, அலசி, உருக்கி ஈயம் எடுத்தார்கள். 1830-களில் அந்த வட்டாரம் ராஜா பூசு என்பவரின் கையில் இருந்தது. எடுக்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் விதித்தார்.

பத்தில் ஒன்று என்று காதால் கேட்கும்போது பெரிதாகத் தோன்றாது. ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று தோண்டியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும் முன்பணம் வாங்கித்தான் ஈயச் சுரங்கம் நடக்கும். மிஞ்சுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் வரியும் போக வேண்டும். 1834-ஆம் ஆண்டில் ஓரிரவு அந்தத் தொழிலாளர்கள் ராஜா பூசுவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவரும் குடும்பத்தாரும் மாண்டார்கள். தீ வைத்துவிட்டு மலாக்காவுக்கு ஓடியவர்களில் பலரும் வழியில் கொல்லப்பட்டார்கள். லுக்குட் பாழாகிப் போனது.

கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். அப்படிப்பட்ட கோபம் ஒரே இரவில் முளைத்திருக்குமா? அதற்கு முன்பு எத்தனை நாள் முணுமுணுப்பு இருந்திருக்கும்? அந்த முணுமுணுப்பு அவர் காதுக்குப் போகவில்லை. அல்லது போயும் அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டில் எதுவானாலும் தலைவனின் தோல்விதான்.

எண்பத்தேழு பேர்

பாழான லுக்குட்டை மறுபடியும் எழுப்பியவர் ராஜா ஜுமாட். 1846-இல் லுக்குட் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே குன்றின் மேல் கோட்டை கட்டினார். அவரும் வரி வாங்கினார். ஆனால் வாங்கிய வரிக்குப் பாதுகாப்பும் ஒழுங்கும் கொடுத்தார். ஓடிப்போன தொழில் திரும்பி வந்தது. கடைகள் வந்தன. மலாக்கா வணிகர்கள் நம்பிப் பணம் போட்டார்கள். மலாய் மாநிலங்களில் நன்றாக ஆளப்படும் இடம் என்று லுக்குட் பெயர் வாங்கியது.

இவர் வென்றவர்தானே, இவரிடம் என்ன தோல்வி என்று கேட்பீர்கள். இரண்டு இருக்கின்றன.

1857-இல் ராஜா ஜுமாட்டும், கிள்ளானை ஆண்ட அவருடைய சகோதரர் ராஜா அப்துல்லாவும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி திரட்டினார்கள். ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்று வழியாக மேலே அனுப்பினார்கள். அவர்கள் அம்பாங் காட்டுக்குள் போனார்கள். ஒரே மாதத்தில் மலேரியாக் காய்ச்சல் அவர்களைத் தின்றுவிட்டது. மிஞ்சியவர்கள் 18 பேர். ராஜா அப்துல்லா மேலும் 150 பேரை அனுப்பினார். 1859-இல் அம்பாங் ஈயம் ஏற்றுமதியானது. ஈயத்துக்காக வந்து இறங்கிய ஆற்றுமுகத்தில் வளர்ந்த ஊர்தான் இன்றைய கோலாலம்பூர்.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். போட்ட பணம் வணிகர்களுடையது. கிடைத்த பெயர் ராஜாக்களுடையது. போன 69 உயிர்கள் யாருடையவை? ராஜாக்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. செத்தவர்களின் பெயரைச் சொல்ல ஆளில்லை. தலைவன் தப்புக் கணக்குப் போட்டால் விலை கொடுப்பவன் வேறொருவன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் சாரமே இதுதான்.

ஒரே தூணில் நின்ற ஊர்

இரண்டாவது தோல்வி, ராஜா ஜுமாட் இறந்த பிறகு தெரிந்தது. 1864-இல் அவர் காலமானார். அவர் மகன் ராஜா போட் பொறுப்பேற்றார். தந்தையின் ஆளுமையில் நின்ற ஊர் தந்தை போனதும் ஆட்டம் காணத் தொடங்கியது. எளிதில் எடுக்கக்கூடிய ஈயமும் குறைந்துகொண்டு வந்தது. தொழிலாளர்கள் வேறு ஈயவயல்களைத் தேடிப் போனார்கள். 1867-இல் கிள்ளான் போர் மூண்டு, சிலாங்கூர் முழுவதும் கலங்கியது. கடைசியில் 1878-இல் செய்த எல்லை உடன்பாட்டின்படி லுக்குட் சிலாங்கூரிலிருந்து பிரிந்து சுங்கை ஊஜோங்குக்குப் போனது. அப்படித்தான் அது இன்றைய நெகிரி செம்பிலான் ஆயிற்று.

மகன் திறமை இல்லாதவர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது நியாயமில்லை. ராஜா போட் பின்னாளில் கோலாலம்பூரில் மதிப்போடு வாழ்ந்தவர். சௌக்கிட் பக்கம் ராஜா போட் சாலை என்று அவர் பெயரில் தெருவே இருக்கிறது. குறை எங்கே என்றால், ஊர் ஒரே பொருளை நம்பியிருந்தது. ஒரே மனிதரை நம்பியிருந்தது. எல்லாவற்றையும் தானே சுமக்கிற தலைவன் உயிரோடு இருக்கும்வரை பெருமையாகத்தான் இருக்கும். அவன் போன மறுநாள்தான் அவன் என்ன விட்டுப் போனான் என்பது தெரியும்.

இதே லுக்குட்டில் 1850-களில் ஈயச் சுரங்கத்தில் சமையல்காரராக இருந்த ஓர் இளைஞரையும் சொல்ல வேண்டும். அவர் யாப் ஆ லோய். பிற்பாடு 1868-இல் கோலாலம்பூரின் காப்பித்தான் ஆனார். 1872-இல் போரில் அவர் ஊர் எரிந்தது. திரும்பி வந்து கட்டினார். ஈய விலை விழுந்து கடனில் மூழ்கினார். அப்போதும் ஊரை விட்டுப் போகவில்லை. 1881-இல் மறுபடியும் தீ. இந்த முறை அத்தாப்புக் கூரைக்குப் பதில் செங்கல்லில் கட்ட ஏற்பாடாயிற்று. ஊருக்கு வந்த நட்டத்தில் தானும் பங்கெடுத்தவர் அவர். அதனால்தான் ஆட்கள் அவரோடு நின்றார்கள்.

கங்காணியைக் கேட்டிருந்தால்...

இப்போது நம் மரத்துக்கு வருவோம். 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ரப்பர் விதைகளைக் கொண்டு போனார். அந்த விதைகளின் வழிவந்த மரங்கள்தான் மலாயாவின் தோட்டங்களை நிரப்பின. லுக்குட் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய மரங்களும் அந்த வம்சம்தான்.

ரப்பர் விலையை ஏற்றுவதற்காக ஆங்கிலேயர்கள் 1922-இல் உற்பத்திக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கார் டயருக்கு ரப்பர் வேண்டிய அமெரிக்கக் கோடீசுவரர் ஹென்றி போர்டு, சொந்தத் தோட்டமே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அதே தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் பெருங்காட்டை வாங்கி, 1928-இல் வேலை தொடங்கினார். ஊருக்குப் பெயர் போர்ட்லாந்தியா.

பணத்துக்குக் குறைவில்லை, இயந்திரத்துக்கும் குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான். ரப்பர் தெரிந்தவர்களிடம் தொடக்கத்தில் கேட்கவில்லை. மலாயாவில் நடுவது போல மரங்களை நெருக்கமாக நட்டார்கள். ஆனால் ரப்பர் இலையைக் கருக்கும் பூஞ்சணத்தின் தாய்வீடே தென் அமெரிக்காதான். காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் நோய் தாவ வழியில்லை. தோட்டத்தில் வரிசையாக நட்டதும் கிளைக்குக் கிளை தாவியது. மலாயாவில் நெருக்கமாக நட்டுப் பிழைத்ததற்குக் காரணம், அந்த நோய் இங்கே வராததுதான்.

தொழிலாளர்களிடமும் கேட்கவில்லை. ஓட்ஸ் கஞ்சியும் டின்னில் அடைத்த பழமும் சாப்பிடு என்றார்கள். குடிக்காதே என்றார்கள். கொதிக்கும் வெயிலில் அமெரிக்கத் தொழிற்சாலை நேரப்படி வேலை செய் என்றார்கள். 1930-இல் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று தட்டேந்த வேண்டும் என்று புதிய விதி வந்தபோது கலவரம் வெடித்தது. நேரம் பதியும் கடிகாரங்களை உடைத்து நொறுக்கினார்கள். 1945-இல் அந்த நிலத்தைப் பிரேசில் அரசாங்கத்துக்கே விற்றார்கள். நட்டம் ஏறக்குறைய 2 கோடி டாலர். இத்தனை ஆண்டுகளில் போர்டு ஒருமுறைகூட அந்த ஊருக்குப் போகவில்லை.

மனிதர்களை எப்படி வேலைக்கு எழுப்புவது, எப்போது விட்டுப் பிடிப்பது என்று நம் தோட்டத்துக் கங்காணி ஒருவரைக் கேட்டிருந்தால் பெரட்டுக்களத்திலேயே சொல்லியிருப்பார்!

நம் கதை

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? உற்பத்திக் கட்டுப்பாட்டில் டச்சுக்காரர்கள் சேரவில்லை. ஆங்கிலேயர் குறைக்கக் குறைக்க அவர்கள் கூட்டினார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. திட்டம் போட்டவர்கள் லண்டனில் இருந்தார்கள். கூலி வெட்டப்பட்டவர்களும், ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் நம் தோட்டத்து மக்கள். அம்பாங் கணக்குத்தான் இங்கேயும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம்மிடம் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். அவர்கள் சேமித்துக் கொடுத்த பணத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். விலை கொடுப்பவனிடமே போய்ப் பேசிய தலைமை அது.

கடைசியாக என் சொந்தத் தோல்வி ஒன்று. 1990-களில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவச டியூசன் வகுப்பு தொடங்கினேன். மாலை 6 மணிக்கு வகுப்பு. முதல் வாரம் 20 பேர். இரண்டு மாதத்தில் மூன்று பேர். நம் மக்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று எல்லாரிடமும் குறைபட்டுக்கொண்டேன். ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த ஒரு பாட்டி என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, யாரையாச்சும் கேட்டுத்தான் இந்த நேரத்த வெச்சீங்களா? கொழாயில தண்ணி வர்றதே அப்பத்தான். பிள்ளைங்க இல்லாம வாளிய யாரு தூக்குறது?”

வகுப்பை 8 மணிக்கு மாற்றினேன். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஆனால் அது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஆண்டு. இரண்டு மாதம் போனது போனதுதான். தப்பு என்னுடையது, நட்டம் அந்தப் பிள்ளைகளுடையது.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் பொறுப்பை ஏற்றாலும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். நான் எடுக்கும் முடிவு தப்பானால் விலை கொடுக்கப்போவது யார்? அவரிடம் நான் பேசிவிட்டேனா?

கோயில் நிர்வாகத்தில் இருக்கிறீர்களா? பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறீர்களா? கூட்டுறவுச் சங்கத்தில், தொழிற்சங்கத்தில், ஏன், ஒரு குடும்பத்துக்குத் தலைவராக இருக்கிறீர்களா? இந்த இரண்டு கேள்விகளும் உங்களுக்கும்தான். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கப் பகைவன் தேவையில்லை என்ற பொருளில் வள்ளுவர் அன்றே எழுதி வைத்துவிட்டார். உங்களை இடித்துச் சொல்லும் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை போர்ட்டிக்சனுக்குப் போகும்போது லுக்குட்டில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அந்தக் குன்றுக்கு அழைத்துப் போங்கள். கோட்டை கட்டியவரின் கதையைச் சொல்லுங்கள். அம்பாங் காட்டில் மாண்ட 69 பேரின் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.