பேர் இருக்கு, ஆளைக் காணோம்!

மக்களே, போன மாசம் வானூர் வீட்டுல சர்வரா ஓட்டிட்டிருந்த பழைய பிசி திடீர்னு உறைஞ்சு போச்சு. மவுஸ் அசையல, பிங் பண்ணா பதிலில்ல. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சேன். மறுபடி போட்டா சமர்த்தா எழுந்துச்சு. ஆனா உறையறதுக்குச் சில நொடி முன்னாடி காப்பி பண்ணின எங்க ஆயாவோட குரல் பதிவு? பேர் இருந்துச்சு, அளவு 0 பைட். போன்ல இருந்ததைக் கையோட அழிச்சிருந்தேன். ஆயா இப்ப இல்லை.

உறைஞ்சதுக்குக் காரணம் கெட்டுப்போன ரேம், மெம்டெஸ்ட்ல மாட்டுச்சு. சரி, ஃபைல் சிஸ்டம் நல்லா இருந்தும் ஃபைல் எங்கே போச்சு? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

1993-ல் வந்த எக்ஸ்ட்2-வில் ஜர்னல் கிடையாது. மெஷின் பாதியில செத்தா எஃப்எஸ்சிகே முழு டிஸ்க்கையும் துழாவணும். பேர் தொலைஞ்ச ஃபைல்கள் லாஸ்ட்+ஃபவுண்டில் வெறும் நம்பரா அநாதையா கிடக்கும். 1998-ல் ஸ்டீபன் ட்வீடி இதுக்கு ஜர்னல் வடிவமைப்பை முன்வச்சார். 2001 நவம்பர்ல, 2.4.15 கெர்னல்ல, எக்ஸ்ட்3 சேர்ந்தது. கடைக்கார அண்ணாச்சி முதல்ல சிட்டையில எழுதி அப்புறம் பேரேட்டுல ஏத்துவாரே, அதே கதை.

ஆனா சாதாரணமா ஜர்னல்ல ஏறுறது கட்டமைப்பு மாற்றங்கள் மட்டும்தான், உள்ளே இருக்கிற சரக்கு இல்லை. 2008 டிசம்பர்ல நிலைபெற்ற எக்ஸ்ட்4, வேகத்துக்காக டேட்டாவைக் கொஞ்ச நேரம் மெமரியிலேயே வச்சிருக்கும். 2009-ல் பலரோட ஃபைல்கள் 0 பைட் ஆகி பெரிய கூச்சல். 2.6.30-ல் ஒட்டுப் போட்டாங்க. அது பழைய ஃபைலை மாத்தி எழுதும்போதுதான் உதவும். என்னோடது புது ஃபைல்!

அழிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு நம்மாளுங்களுக்கு 1000 வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. திருமழபாடி கோயில் விமானத்தைப் பிரிச்சுக் கட்ட ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் (சுமார் 1013) ஆணையிட்டப்ப, சுவர்ல இருந்த கல்வெட்டுகளை முதல்ல புத்தகத்துல படியெடுக்கச் சொன்னார். ராஜேந்திரனோட 14-ஆம் ஆண்டில் அதைப் பார்த்துத் திரும்ப வெட்டினாங்க. அதுக்குள்ள ராஜராஜனே போயிட்டார். எழுத்து பிழைச்சிடுச்சு.

நான் சுவரை முதல்ல இடிச்சவன். நீங்க அப்படிச் செய்யாதீங்க. காப்பி ஆனதும் 'சிங்க்' அடிங்க, வேற டிஸ்க்ல இன்னொண்ணு வைங்க, ரெண்டையும் திறந்து கேளுங்க. அப்புறமா அழிங்க.