மலை மிதிவண்டியின் வரலாறு: தடுப்பதா, கற்பிப்பதா?



அண்மையில் எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், வீடு திரும்பும் வழியில் ஒரு செம்மண் மேட்டிலிருந்து மிதிவண்டியில் இறங்கியபோது தலைகுப்புற விழுந்தான். முன்பல் ஒன்று உடைந்தது. முகவாயில் மூன்று தையல். மறுநாளே பெற்றோர் சிலர் வந்து, "டீச்சர், இனிமேல் பிள்ளைகள் சைக்கிளில் வரக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிடுங்கள்" என்றனர். அவர்களின் அச்சம் நியாயமானதே.

காயம் ஆறி அவன் பள்ளிக்கு வந்ததும், "எந்தப் பிரேக்கை அழுத்தினாய்?" என்று கேட்டேன். "தெரியலை டீச்சர். பயத்துல ஒன்ன இறுக்கிப் பிடிச்சிட்டேன்" என்றான். இரண்டு ஆண்டுகளாக அவன் ஓட்டுவது 'மவுண்டன் பைக்'. அதை எப்படி ஓட்டுவது என்று கடைக்காரர் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. ஆசிரியையாகிய நானும் சொன்னதில்லை. இந்த வண்டி எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தேடிப் படிக்க வைத்தது அந்தப் பதில்தான். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கரடுமுரடான பாதையில் மிதிவண்டி ஓட்டுவது புதிய செயலன்று. 1897-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் இருபது பேர், மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் நகர் வரை ஏறத்தாழ 1,900 மைல் மிதிவண்டியில் சென்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மோஸ். நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1941-42-இல் ஜப்பானியப் படையினர் மலாயாவின் வடக்கிலிருந்து சிங்கப்பூர் நோக்கி மிதிவண்டிகளில் முன்னேறினர். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டிச் சென்றனர் என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் அவையெல்லாம் சாதாரண மிதிவண்டிகள். மலைக்கென்றே தனியாக ஒரு வண்டி பிறந்தது 1970-களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம் உள்ளது. அங்கே சுமார் 784 மீட்டர் உயரமுள்ள டமல்பாயிஸ் மலையும், அதைச் சுற்றிக் காட்டுத் தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டப்பட்ட மண்பாதைகளும் உள்ளன. அவ்வட்டாரத்து இளைஞர்கள் சிலர் வார நாளில் சாலைப் பந்தய மிதிவண்டி ஓட்டினர். ஓய்வு நாளில் பழைய வண்டிகளை மலைமேல் கொண்டுபோய்க் கீழ்நோக்கி விட்டனர். சாலை வண்டியின் மெல்லிய சக்கரம் கல்லிலும் பள்ளத்திலும் தாங்காது. ஆகவே 1930, 40-களில் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட ஷ்வின் நிறுவனத்தின் 'எக்செல்சியர்' போன்ற கனத்த வண்டிகளைப் பழைய இரும்புக் கடைகளில் சில டாலருக்கு வாங்கினர்.

அவ்வண்டிகளின் சிறப்பு அவற்றின் தடித்த டயர். ஷ்வின் நிறுவனம் 1933-இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த 'பலூன்' டயர் அது. அகலம் இரண்டு அங்குலத்துக்கு மேல். இங்கே நம் முன்னோரையும் நினைக்க வேண்டும். அக்காலத்தில் அமெரிக்கா வாங்கிய இரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் சென்றது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் தோட்டத் தொழிலாளரின் உழைப்பு, அவர்கள் காணாத நாட்டின் சக்கரங்களில் உருண்டது.

1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே அந்த நண்பர்கள் ஒரு போட்டி வைத்தனர். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தொலைவில் 400 மீட்டர் இறங்கும் செங்குத்தான பாதை. அதன் பெயர் 'ரீபேக்'. அப்பெயருக்குக் காரணம் பிரேக்தான். பழைய வண்டிகளில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரம் நிற்கும். நீண்ட இறக்கத்தில் அதைத் தொடர்ந்து அழுத்தியதால் சூடேறி, உள்ளே இருந்த மசகு உருகிப் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்து மீண்டும் மசகு நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பது அவ்வாறு மீண்டும் நிரப்புவதைக் குறிக்கிறது.

1976 தொடங்கி 1984 வரை இருபதுக்கும் மேற்பட்ட முறை இப்போட்டி நடந்தது. நடத்தியவர் சார்லி கெல்லி. மிக விரைவாக இறங்கியவர் கேரி ஃபிஷர்: 4 நிமிடம் 22 விநாடி. அவரைவிட இரண்டு விநாடி மட்டுமே பிந்தியவர் ஜோ பிரீஸ். புகைப்படங்களைப் பார்த்தால் பலர் நீலக் காற்சட்டையும் முரட்டுக் கையுறையும் அணிந்திருக்கின்றனர்; தலைக்கவசம் அரிது. இந்த ஒன்றில் மட்டும் அவர்களை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டா.

விழுந்தும் எழுந்தும் அவர்கள் கற்ற பாடம் வண்டியையே மாற்றியது. இறங்கிய வண்டியை மறுபடி மேலே ஏற்றக் கியர் தேவைப்பட்டது. 1974-இல் குப்பர்டினோ ஊர்க்காரர் சிலர் கியர் பொருத்திய தடித்த சக்கர வண்டிகளுடன் மரினில் நடந்த ஒரு போட்டிக்கு வந்திருந்தனர். பின்னர் ஃபிஷரும் தம் வண்டியில் கியரையும் உறுதியான பிரேக்கையும் பொருத்தினார். பழைய சட்டங்கள் முறிந்துகொண்டே இருந்ததால், 1977-இல் ஜோ பிரீஸ் குரோமியம் கலந்த எஃகுக் குழாய்களால் புதிய சட்டம் ஒன்றை உருவாக்கினார். மலைக்கென்றே புதிதாகச் செய்யப்பட்ட முன்னோடி வண்டி அது. இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1979-இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் சிறு வணிகம் தொடங்கினர். அந்தப் பெயரே பின்னர் உலகம் முழுவதற்கும் பொதுப்பெயரானது. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' தொழிற்சாலையில் பெருமளவில் உருவாகி, எல்லாரும் வாங்கும் நிலையை ஏற்படுத்தியது. 1989-இல் 'ராக்‌ஷாக்ஸ்' அதிர்வுதாங்கி முன்கவை வந்தது. 1990-இல் டுராங்கோ நகரில் முதல் அதிகாரப்பூர்வ உலக வாகையர் போட்டி நடந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி இடம்பெற்றது.

ஆனால் எல்லாரும் மகிழவில்லை. நடைபயணிகளும் குதிரை ஓட்டுவோரும் முறையிட்டனர்: வண்டிகள் வளைவில் திடீரென வந்து அச்சுறுத்துகின்றன, சக்கரத்தைச் சறுக்கவிட்டு மண்ணை அரிக்கின்றன. முறையீட்டில் உண்மை இருந்தது. மரின் மாவட்டத்தின் குறுகிய காட்டுப்பாதைகள் பல மிதிவண்டிகளுக்கு மூடப்பட்டன. 1984-இல் அமெரிக்க வனத்துறை, தன் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் மிதிவண்டியை வெளிப்படையாகத் தடை செய்தது.

1988-இல் கலிபோர்னிய மன்றங்கள் சில இணைந்து பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தை அமைத்தன. வண்டியை எப்போதும் கட்டுப்பாட்டில் வை, பிறருக்கு வழிவிடு, பாதையில் தடம் பதிக்காதே என்று விதிகள் வகுத்துப் புதியவர்களுக்குக் கற்பித்தனர். மண்வெட்டி ஏந்திப் பாதைகளைச் செப்பனிட்டனர். எல்லாத் தடைகளும் நீங்கிவிடவில்லை. எனினும் பல இடங்களில் கதவு திறந்தது. கோலாலம்பூரில், ஒரு காலத்தில் இரப்பர் தோட்டமாக இருந்த புக்கிட் கியாராவிலும் தன்னார்வலர்கள் இவ்வாறே பல ஆண்டுகள் மலைப்பாதைகளைப் பேணிவந்தனர்.

இனி, பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, பிரேக். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறலாம். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். வண்டி நிற்கும்போது எடை முன்னே சாய்வதால், முன்பிரேக்கே அதிக ஆற்றல் உடையது. அதனால்தான் இறக்கத்தில் அதை மட்டும் திடீரென இறுக்கினால் பின்சக்கரம் எழும்பி ஆளைத் தூக்கி எறியும். நம் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே. இரண்டையும் மெதுவாக, சேர்த்து அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, உடல். இறங்கும்போது இருக்கையைத் தாழ்த்தி, மிதிகள் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னே கொண்டுபோக வேண்டும். முழங்கையும் முழங்காலும் தளர்ந்திருக்கட்டும்.

மூன்றாவது, கண். சக்கரத்தின் கீழே பார்க்காமல் சில மீட்டர் முன்னே பார்க்க வேண்டும். கல்லையே பார்த்தால் வண்டி கல்லுக்கே போகும்.

நான்காவது, டயர். மண்பாதையில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்புக் கூடும். மிகக் குறைத்தால் உள்ளே டியூப் நசுங்கும். டயரின் ஓரத்தில் அச்சிட்டுள்ள அளவுக்குள் இருக்கட்டும். தலைக்கவசம் இன்றி வண்டியைத் தொடவே கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தடை பற்றிய பேச்சு எழும். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், பள்ளித் திடலில் பிரேக் பயிற்சி என்பது என் பரிந்துரை. தடை போட்டால் பிள்ளைகள் நம் கண் காணாத இடத்தில் ஓட்டுவார்கள். கற்பித்தால் கண் காணாத இடத்திலும் நாம் சொன்னது உடன் இருக்கும். பெற்றோர் இதை ஏற்பார்களா என்பது தெரியாது. ஏற்காவிட்டால் அவர்கள் முடிவுக்குக் கட்டுப்படுவேன்.

அந்த மாணவனிடம் ரீபேக் கதையைச் சொன்னேன். பிரேக் புகைந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான்; உடைந்த பல் தெரிந்தது. பிறகு, "அவங்களுக்கு யாரு டீச்சர் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டான். "யாரும் இல்லை, அதனால்தான் அத்தனை முறை விழுந்தார்கள்" என்றேன்.

உங்கள் கருத்துகளையும் அறிய ஆவலாய் உள்ளேன்.