வோகோடர் எதை மறைக்கும்?

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை, அக்காவின் மகள் எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மன்டுக்கு இறங்கி வந்தாள். பொங்கல் விழாவில் அவள் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாட வேண்டும். என்னுடைய கீபோர்டில் வோகோடர் இருப்பது அவளுக்குத் தெரியும்.

“மாமா, சுருதி எனக்குப் பிரச்சினை இல்லை. என்ர தமிழைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிப்பினம். ரோபோ மாதிரி ஆக்கிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாதுதானே?”

இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பயம் புதிதல்ல. மைக்கைச் செருகிக் கொடுத்தேன். அவள் பாடினாள், ஆனால் சத்தமே வரவில்லை. மைக் பழுது என்றாள். மைக் பழுதில்லை. அவள் கீபோர்டில் ஒரு கீயையும் அழுத்தவில்லை, அவ்வளவுதான். கீயை அழுத்தாமல் வோகோடர் ஏன் பேசாது? அதை விளங்கிக்கொள்ள அந்தக் கருவி பிறந்த இடத்துக்குப் போகவேண்டும்.

வோகோடரைக் கண்டுபிடித்தவர் பாட்டுக்காரர் அல்ல, ரெலிபோன் பொறியியலாளர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஹோமர் டட்லி ஒன்றைக் கவனித்தார். நாம் பேசும்போது தொண்டையின் குரல்நாண்கள் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் அதிர்கின்றன. ஆனால் அந்த அதிர்வைச் சொல்லாக மாற்றும் நாக்கும் உதடும் மிக மெதுவாகத்தான் அசைகின்றன. அப்படியென்றால் முழுக் குரலையும் கம்பியில் அனுப்புவானேன்? வாயின் அசைவை மட்டும் அளந்து அனுப்பி, மறுமுனையில் ஒரு செயற்கை ஒலிக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தால் போதுமே!

அதற்காக அவர் குரலைத் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பல பட்டைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதைத்தான் வோகோடர் அளக்கிறது.

நம் தொல்காப்பியத்தின் பிறப்பியலும் எழுத்தொலியை ஏறக்குறைய இப்படித்தான் விளக்குகிறது. உந்தியிலிருந்து காற்று எழுகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களின் துணையால் அது எழுத்தாகிறது. (உடனே “வோகோடரைக் கண்டுபிடித்தவன் தமிழன்” என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். காற்று வேறு, அதைச் சொல்லாக்கும் வாய் வேறு என்று கவனித்திருக்கிறார்கள் என்பதே போதும்.)

டட்லியின் இன்னொரு கருவியான வோடர் 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பேசிக் காட்டியது. அதற்கு மைக் கிடையாது. விரல்களால் கீகளையும் காலால் மிதியையும் இயக்கி ஒவ்வொரு சொல்லையும் செய்ய வேண்டும். அதை இயக்கப் பழகவே ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது.

பிறகு யுத்தம் வந்தது. வாஷிங்டனும் லண்டனும் இரகசியமாகப் பேசுவதற்கு, வோகோடரை வைத்து சிக்சாலி என்ற முறையை அமைத்தார்கள். 1943 ஜூலை 15இல் முதல் உரையாடல் நடந்தது. ஒரு முனையத்தின் நிறை 50 தொன்னுக்கும் மேல். லண்டனில் அதை செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில் வைத்திருந்தார்கள். குரலை எண்களாக்கி, இசைத்தட்டில் பதிந்த இரைச்சலோடு கலந்து அனுப்புவார்கள். அதே இசைத்தட்டின் சோடி மறுமுனையில் ஒரே நேரத்தில் ஓடினால்தான் சொல் திரும்பக் கிடைக்கும். பேசுகிறவரின் குரல் சாயல் போய்விடும், சொல் மட்டும் தப்பிவிடும்.

இசைக்கு இது பிந்தித்தான் வந்தது. கனடாவின் அல்பர்ட்டாவில் பிறந்த புரூஸ் ஹாக், தானே கட்டிய ‘ஃபராட்’ என்ற வோகோடரை 1970இல் வந்த தன் இசைத்தட்டில் பாட வைத்தார். வெண்டி கார்லோஸும் ரொபர்ட் மூக்கும் செய்த வோகோடர் 1971இல் ‘எ குளொக்வேர்க் ஒரேஞ்ச்’ படத்தில் பீத்தோவனைப் பாடியது. 1979இல் ரோலண்ட் விபி-330 வந்தது. 2002இல் கோர்க் நிறுவனம் மைக்ரோகோர்க்கை வெளியிட்டபோது, எட்டுப் பட்டை வோகோடர் மடியில் வைத்து வாசிக்கும் அளவுக்குச் சிறிதாகிவிட்டது. 50 தொன்னை நினைத்துப் பாருங்கள்!

இப்போது பேஸ்மன்டுக்குத் திரும்புவோம். மைக் தருவது வாயின் அசைவை மட்டும். ஒலியைத் தரவேண்டியது கீபோர்ட். அதனால்தான் பாடும்போது கீயை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒலி செறிவாக இருக்க வேண்டும். ரம்பப் பல் அலை நல்லது. புல்லாங்குழல் போன்ற மெல்லிய ஒலியில் செதுக்க எதுவும் இராது. ‘ஸ்’ போன்ற சீறல் மங்கினால் கொஞ்சம் இரைச்சலைச் சேருங்கள். மைக்கை உதட்டுக்குக் கிட்ட வையுங்கள், ஸ்பீக்கருக்கு எட்ட வையுங்கள்.

ஹார்மனி எஃபெக்ட் வேறு விஷயம். அது உங்கள் சொந்தக் குரலையே படியெடுத்து, சுருதியை மாற்றிப் பக்கத்தில் பாட வைக்கும். இதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. டிஜிடெக் வோக்கலிஸ்ட் கருவிகளின் தொழில்நுட்பம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் இருந்த ஐவிஎல் நிறுவனத்தில் உருவானது. அதன் வழியில் 2000இல் டிசி-ஹெலிகொன் வந்தது.

தமிழ்ப் பாட்டுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. மோகனத்தில் ச, ரி, க, ப, த மட்டும்தான். கருவியை மேஜர் ஸ்கேலில் வைத்து ‘மூன்றாம் சுரம் மேலே’ என்று கேட்டால், நீங்கள் ‘ரி’ பாடும்போது அது ‘ம’ பாடும். ‘ப’ பாடும்போது ‘நி’ பாடும். இரண்டும் மோகனத்தில் இல்லை. அந்த இடங்களில் ஹார்மனியை நிறுத்திவிடுங்கள். அல்லது எந்தச் சுரம் வரவேண்டும் என்று நீங்களே கீயில் பிடியுங்கள்.

எல்லாம் சரியாக்கிவிட்டு அவளைப் பாடச் சொன்னேன். நான்கு கீகளை அழுத்தினாள். நான்கு ரோபோக்கள் சேர்ந்து, “கல்” என்று வரவேண்டிய இடத்தில் “கால்” என்று பாடின. பாட்டை அவள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். குறிலா நெடிலா என்பது வாய் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. வோகோடர் கவனித்துக்கொண்டு போவதே அதைத்தான். அவள் மறைக்க நினைத்ததைத் தவிர மற்றதையெல்லாம் அது மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு மேலே, அம்மம்மாவிடம் போனாள். அரை மணித்தியாலம் இருவரும் குசினியில் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழில் எழுதியிருந்தாள்.

விழாவில் பல்லவிக்கு மட்டும் வோகோடர் போட்டோம். மிச்சத்தைச் சொந்தக் குரலில் பாடினாள். ழகரம் இன்னும் சரியாக வரவில்லை. எனக்கும் முழுதாக வராது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.