கொட்டியாரக் குடாவின் பாக்கும் விழுங்கல் நோயின் அச்சமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தில், மகாவலி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்து விரிந்திருக்கும் கொட்டியாரக் குடா, பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்துக்கு எஞ்சியிருந்த மிகச் சில கடல்வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. மலைநாட்டுப் பாக்கு பொதிமாடுகளில் இறங்கி வந்து, சோழமண்டலக் கரைத் துணிக்கு மாற்றாக மரக்கலங்களில் ஏறியது. 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலோடு இக்குடாவில் ஒதுங்கி, மறு ஆண்டில் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கமுகையும் வெற்றிலையையும் அவ்வணிகத்தையும் பற்றி எழுதியுள்ளார். 1660களில் ஒல்லாந்தர் திருகோணமலையையும் கொட்டியாரத்தையும் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முனைந்ததற்கு, கண்டியின் இந்த வணிகத்தை அடைத்துவிட வேண்டும் என்ற நோக்கமும் ஒரு காரணமாகும்.

வணிகம் கைமாறினும் வழக்கம் கைமாறவில்லை. வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு என்னும் மூன்றோடு யாழ்ப்பாணப் புகையிலையும் சேர்ந்த தாம்பூலம், குடாவின் கரையிலுள்ள மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரத்துக் கரையோரத்திலும் இன வேறுபாடின்றி வேரூன்றியது. வந்தவருக்கு வட்டாவில் வெற்றிலை நீட்டாத வீடு மரியாதையற்ற வீடாகக் கருதப்பட்டது; பல்லிழந்த முதியோர் பாக்குரலில் இடித்து மென்றனர்; இரவு முழுவதும் வலையோடு விழித்திருக்கும் மீனவருக்கும் சுமை தூக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் அது பசியையும் உறக்கத்தையும் தள்ளிவைக்கும் துணையாயிற்று. பெண்களுக்குச் சுருட்டும் கள்ளும் விலக்கப்பட்ட குடும்பங்களிலும் தாம்பூலம் விலக்கப்படவில்லை என்பது இவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது. மங்கலத்தோடு இத்துணை நெருங்கிப் பிணைந்த ஒன்றிலிருந்து நோய் வரக்கூடும் என்ற ஐயம் எழுவதற்கே நெடுங்காலம் பிடித்தது.

அந்த ஐயத்துக்கு மருத்துவச் சான்று முதலில் வாய்ப்புற்றிலிருந்தே கிடைத்தது. யாழ்ப்பாணப் புகையிலையைத் தலைமுறைகளாக வாங்கிவந்த திருவிதாங்கூரில், நெய்யூர் மிசன் வைத்தியசாலையின் ஓர் (Orr) என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்வோரிடம் தாம் கண்ட வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985இலும் புகையிலை சேராததை 2004இலும் மனிதரிடம் புற்றுநோய் உண்டாக்குவன என வகைப்படுத்தியது. 2012இல் வெளியான அதன் தொகுதி, அவை இரண்டும் தாக்கும் உறுப்புகளுள் உணவுக்குழாயையும் சேர்த்தது. பாக்கிலுள்ள அரிகொலின் முதலான வேதிப்பொருள்கள் மாற்றமடைந்து நைத்திரசமைன்கள் என்னும் புற்றூக்கிகளாகின்றன. மென்ற சாறு விழுங்கப்படும்போது அவை வாயோடு நின்றுவிடுவதில்லை.

இலங்கைப் பாடநூல்கள் களம் என்று குறிக்கும் உணவுக்குழாய், தொண்டையிலிருந்து இரைப்பை வரை ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள, நன்கு விரியத்தக்க தசைக்குழாயாகும். விரியும் இயல்பே இங்கு பகையாகிறது: புற்றுக்கட்டி உட்புறத்தைப் பெருமளவு அடைக்கும் வரை சோறு எப்படியோ இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னர் சோறு நெஞ்சில் நிற்பதும், குழைத்த உணவு மட்டுமே இறங்குவதும், இறுதியில் நீரும் தங்குவதும் வாரங்களில் அல்லது மாதங்களில் படிப்படியாக நிகழ்கின்றன.

ஆயினும் விழுங்க இடர்ப்படும் ஒவ்வொருவருக்கும் புற்றுநோய் என்பதில்லை. இரைப்பை அமிலம் மேலெழுந்து உண்டாக்கும் தழும்பும், உணவுக்குழாயின் கீழ்வாய் தளராமல் இறுகும் அகலேசியா என்னும் நோயும் அதே இடரைத் தரலாம். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களின் தொண்டையடியில் மெல்லிய சவ்வு தோன்றி உணவைத் தடுப்பதை பேற்றர்சன், கெலி என்னும் பிரித்தானிய மருத்துவர் இருவர் 1919இல் தனித்தனியே விவரித்தனர். இரும்புச்சத்து மருந்தாலும், தேவைப்பட்டால் விரிப்புக் கருவியாலும் தணியக்கூடிய இந்நிலை, நீடித்தால் புற்றாக மாறும் வாய்ப்பும் உடையது. ஆதலால் சோகை பரவிய ஊர்களில் இதனை அறிந்திருப்பது இன்றியமையாதது. எண்டொஸ்கோப்பி எனப்படும் உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனையும், அதன்வழி எடுக்கும் சிறு இழையத்துணுக்கும் இவற்றை வேறுபடுத்திக் காட்டும். விடை அஞ்சத்தக்கதாய் இருந்துவிடுமோ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரின் துயரம் புரிந்துகொள்ளத்தக்கது. எனினும் குணமாகும் நோயுடையவரையும் அந்தத் தயக்கமே வருத்துகிறது.

தயக்கத்தைத் தூரமும் வளர்த்தது. நியூயோர்க்கில் பிரான்ஸ் தோரெக் 1913இல் நெஞ்சைத் திறந்து புற்றுற்ற உணவுக்குழாயை அகற்றி, நோயாளி பல்லாண்டு வாழ வழிசெய்தார். கொட்டியாரக் கரையிலுள்ளவருக்கோ அத்தகைய சிறப்பு மருத்துவம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தொலைவிலேயே இருந்தது. கிண்ணியாவிலிருந்து படகுப் பாதையில் நீரேரியைக் கடந்து, திருகோணமலையிலிருந்து இரவு இரயிலேறி, கொழும்புக்கு அப்பாலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலையை அடைய வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் மூதூர்ப் பக்கத்தில் அவ்வழியும் அடிக்கடி அடைபட்டது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதும், மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை வளர்ந்ததும் இத்தொலைவை ஓரளவு குறைத்துள்ளன.

அறுவை செய்ய இயலாதோருக்கும் இன்று செய்யத்தக்கது உண்டு. அடைபட்ட இடத்தில் தானே விரியும் உலோகக் குழாயைப் பொருத்தினால் நீராகாரம் மீண்டும் இறங்கும். வயிற்றில் துளையிட்டுக் குழாய்வழி ஊட்டவும் இயலும். வீட்டில் பாலும் தேங்காய்ப்பாலும் விட்ட அரிசிக்கஞ்சி, பருப்புக் கரைசல், முள் நீக்கி மசித்த மீன், நன்கு அடித்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, நிமிர்ந்து அமர்ந்து, பலமுறை உண்ணச் செய்வதே வழக்கம். தேநீரையும் கஞ்சியையும் ஆறவிட்டே கொடுக்க வேண்டும். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என 2016இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. அதே ஆண்டில் இலங்கை அரசு மெல்லும் புகையிலைப் பொருள்களுக்குத் தடை விதித்தது. வெற்றிலையும் பாக்கும் அத்தடைக்குள் அடங்கவில்லை.